புகைபோக்கி ஓரம்: புகைக்கு ஒரு கோட்டா, கோட்டாவுக்கு ஒரு சந்தை

போன மாதம் இந்தப் பகுதியில் நிலக்கரி மின் நிலையங்களைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அமெரிக்காவில் மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு நாடு முழுவதற்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு வைத்தார்கள், அந்த வரம்புக்குள் புகைவிடும் அனுமதியைக் கம்பெனிகள் தங்களுக்குள் விற்று வாங்க விட்டார்கள், புகையும் குறைந்தது என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்ஆப் குரல்பதிவுகளும் ஆசிரியரைத் திணறடித்துவிட்டன. பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குக் குழப்பம். அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கடலோர நிலக்கரி மின் நிலையம் ஒன்றில், புகைபோக்கியில் வாயு அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொண்ட டெக்னீஷியன். இப்போது ஓய்வுபெற்றுச் செந்தூலில் இருக்கிறேன்.

காற்றைக் கெடுப்பது குற்றம். அந்தக் குற்றத்துக்கு விலை வைத்து விற்பது அதைவிடப் பெரிய குற்றம் அல்லவா, ஐயா? இதை எப்படி மனம் கூசாமல் பாராட்டி எழுதினீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆயர் ஈத்தாம், பினாங்கு

கோபப்படுங்கள் டீச்சர், தப்பில்லை. அமெரிக்காவிலும் சுற்றுச்சூழல் அமைப்புகள் பல இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் எதிர்த்தன. ஆனால் அதற்கு முன்னால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பாருங்கள்.

ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாக நிலக்கரி மின் நிலையங்கள். அங்கே தோண்டும் நிலக்கரியில் கந்தகம் அதிகம். எரித்தால் கந்தக டை ஆக்சைடு. 1970-களில் அரசாங்கம், மின் நிலையத்தைச் சுற்றியுள்ள காற்று இந்த அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? புகைபோக்கியை உயர்த்திக் கட்டின. பக்கத்து ஊர்க் காற்று சுத்தமாகிவிட்டது, விதி நிறைவேறிவிட்டது. புகை மட்டும் காற்றோடு சில நூறு கிலோமீட்டர் போய், நியூயார்க் மாநிலத்து மலை ஏரிகளிலும் கனடாவிலும் அமில மழையாக இறங்கியது. மீன்கள் செத்தன. யாரும் சட்டத்தை மீறவில்லை!

புகைவிடுவது அப்போதும் அனுமதிக்கப்பட்ட காரியம்தான், அதுவும் இலவசமாக. 1990 நவம்பரில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டத் திருத்தம் செய்த முதல் வேலை, மொத்தத்துக்கு ஒரு கூரை போட்டது. 1980-இல் அந்நாட்டு மின் நிலையங்கள் விட்ட கந்தக டை ஆக்சைடு ஏறக்குறைய 1 கோடியே 73 லட்சம் டன். அதில் ஏறத்தாழ பாதி, அதாவது 89.5 லட்சம் டன், 2010-க்குப் பிறகு நிரந்தர உச்சவரம்பு என்று எழுதிவைத்தார்கள். ஒரு டன்னுக்கு ஓர் அனுமதி. வருட முடிவில் நீ விட்ட டன் எத்தனையோ அத்தனை அனுமதி உன் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம், விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. குறைந்த அனுமதியை அடுத்த வருடப் பங்கிலிருந்து வெட்டிக்கொள்வார்கள்.

விற்பது வாங்குவது எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழேதான். 2010-இல் உண்மையில் வெளிவந்தது சுமார் 51 லட்சம் டன், வரம்பைவிடவும் கீழே. வேறு சில விதிகளும் சேர்ந்துதான் அவ்வளவு இறங்கியது. இருந்தாலும், மனம் கூச எனக்குக் காரணம் தெரியவில்லை டீச்சர்.

ஒருவர் குறைத்ததை இன்னொருவர் வாங்கி விட்டால் மொத்தப் புகை அதேதானே? அப்புறம் எதற்கு இந்த வியாபாரம்?
– கணக்கு எழுதுபவர், பிரிக்பீல்ட்ஸ்

நீங்கள் கணக்குக்காரர், கணக்காகவே சொல்கிறேன். எண்கள் நான் போட்டுக்கொண்டவை.

இரண்டு மின் நிலையங்கள். ஒவ்வொன்றும் வருடம் 60 டன் விடுகிறது. மொத்தம் 120. அரசாங்கம் மொத்த வரம்பை 60 என்று வைத்து, ஆளுக்கு 30 அனுமதி கொடுக்கிறது. முதல் நிலையம் ரயில்பாதை ஓரம் இருப்பதால் கந்தகம் குறைந்த நிலக்கரியை வாங்கிப் போட்டாலே போதும். ஒரு டன் குறைக்க 200 டாலர். இரண்டாவது பழைய நிலையம்; புகையைக் கழுவும் கோபுரம் கட்ட வேண்டும்; ஒரு டன் குறைக்க 600 டாலர்.

வியாபாரம் கூடாது, ஆளுக்கு 30 குறை என்றால்: முதலாமவருக்கு 6,000, இரண்டாமவருக்கு 18,000, ஆக 24,000 டாலர் செலவு.

வியாபாரம் உண்டு என்றால்: முதலாமவர் 50 டன் குறைக்கிறார், செலவு 10,000. அவர் விடுவது 10 டன்தான், கையில் 30 அனுமதி. மிஞ்சிய 20-ஐ இருவருக்கும் இதமான நடுவிலையாக டன்னுக்கு 400-க்கு விற்கிறார், வரவு 8,000. அவருக்கு நிகரச் செலவு 2,000. இரண்டாமவர் 10 டன் மட்டும் குறைக்கிறார், 6,000; அனுமதி வாங்க 8,000; ஆக 14,000. இரண்டு பேருக்கும் சேர்த்து 16,000. ஆளுக்கு 4,000 மிச்சம். காற்றில் போனது இரண்டு வழியிலும் 60 டன்தான்.

நீங்கள் கேட்ட 'அதே புகை' சரிதான். ஆனால் அதைப் பாதியாக்கியது கூரை. வியாபாரம் செய்தது செலவைக் குறைத்தது மட்டும். செலவு குறைவாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவு தாழ்வான கூரைக்கு அன்றைக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த யோசனையைப் புத்தகமாக எழுதி 1968-இலேயே வைத்தவர் ஜான் டேல்ஸ் என்ற கனடாக்காரர். சட்டமாக வர 22 வருடம் பிடித்தது.

இது நம்ம ஊர் கார் இறக்குமதி ஏ.பி. மாதிரி இருக்கிறதே! வேண்டியவர்களுக்கு பெர்மிட்டைச் சும்மா கொடுக்க வேண்டியது, அவர்கள் அதை விற்றுக் காசு பார்க்க வேண்டியது. சரிதானே அண்ணே?
– டாக்ஸி ஓட்டுநர், பட்டர்வொர்த்

சிரித்துவிட்டேன் தம்பி. கார் இறக்குமதி பெர்மிட் கதை தெரிந்த மலேசியனுக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு சீக்கிரம் வரும்.

பாதி சரி. அமெரிக்காவில் அனுமதிகளை ஏறக்குறைய எல்லாமே இலவசமாகத்தான் கொடுத்தார்கள். 1985 முதல் 1987 வரை எவ்வளவு எரிபொருள் எரித்தாயோ அதை வைத்துப் பங்கு. அதிகம் எரித்தவனுக்கு அதிகம். சுமார் 2.8 சதவீதத்தை மட்டும் எடுத்துவைத்து ஆண்டுதோறும் ஏலம் விட்டார்கள். முதல் ஏலம் 1993 மார்ச்சில், சிகாகோவில் தானியம் சோளம் வர்த்தகம் செய்யும் அதே சந்தையில். அந்த ஏலப் பணத்தையும் அரசாங்கம் வைத்துக்கொள்ளவில்லை, கம்பெனிகளுக்கே திருப்பிக் கொடுத்தது. காற்று பொதுச்சொத்து என்றால் இது எனக்குப் பிடிக்காத இடம். பின்னால் 2009-இல் வடகிழக்கு மாநிலங்கள் சேர்ந்து கரியமில வாயுவுக்கு இதே மாதிரி ஒன்று தொடங்கியபோது, பெரும்பாலான அனுமதிகளை ஏலம் விட்டே கொடுத்தார்கள். பணம் மாநிலங்களுக்கு வந்தது, மின்சாரச் சிக்கனத் திட்டங்களுக்குப் போனது. அதுதான் ஒழுங்கு.

சரியில்லாத பாதி எது என்றால், சலுகை யாருக்கு எவ்வளவு என்பது. அமெரிக்காவில் எந்தப் பாய்லருக்கு எத்தனை அனுமதி என்று சட்டத்திலேயே அட்டவணையாகப் பெயர் போட்டு அச்சடித்திருந்தார்கள். முதல் கட்டத்தில், 1995-இல், 110 நிலையங்கள். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எத்தனை போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேரம் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன், சட்டம் எழுதும்போதே சில மாநிலங்கள் கூடுதல் பங்கு பிடுங்கிக்கொண்டன. ஆனால் பிடுங்கியதும் அச்சில் இருந்தது.

புகையை எடை போட முடியுமா? கம்பெனி சொல்வதுதானே கணக்கு? ஏமாற்ற மாட்டார்களா?
– மின்கம்பியாளர், தாமான் மெலாவத்தி, கோலாலம்பூர்

அப்பாடா, என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். ஆசிரியர் பக்கத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஏமாற்றுவார்கள். அந்தக் காலத்து முறையில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். வருடத்துக்கு ஓரிரு முறை ஒரு சோதனைக் குழு வரும், புகைபோக்கி நடுவில் இருக்கும் மேடைக்கு ஏறி, துளை வழியாகக் குழாயை விட்டு மாதிரி எடுக்கும். வருகிற தேதி முன்கூட்டியே தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் சோதனை நாளுக்கு என்றே ஒரு குவியல் நிலக்கரி தனியாக இருந்தது, யார்டின் வடக்கு மூலையில். குறைந்த கந்தகம், குறைந்த சாம்பல். முந்தின இரவிலிருந்து அதைத்தான் பங்கருக்குள் தள்ளுவார்கள். லோடையும் கொஞ்சம் இறக்கி ஓட்டுவார்கள். எண் அழகாக வரும். குழு கையெழுத்துப் போட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிட்டுப் போகும். மறுநாள் பழைய நிலக்கரி. இதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது பாருங்கள். அளந்தது உண்மை, எழுதியதும் உண்மை.

தொடர்ந்து அளக்கும் கருவி வந்தபிறகுதான் இந்த விளையாட்டு கஷ்டமானது. புகைபோக்கிக்குள் ஒரு நீண்ட குழல். அதன் நுனியில் வடிகட்டி. உறிஞ்சிய புகை சூடேற்றிய குழாய் வழியாகக் கீழே அறைக்கு வரும். அந்தக் குழாய் ஏன் சூடாக இருக்க வேண்டும்? ஆறிவிட்டால் புகையிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும், அந்தத் தண்ணீர் கந்தக டை ஆக்சைடை விழுங்கிவிடும், கருவி குறைத்துக் காட்டும். ஹீட்டர் ஒரு மீட்டர் தூரம் வேலை செய்யாவிட்டாலே எண் இறங்கிவிடும். மேலே இருந்து பார்ப்பவருக்கு நிலையம் திடீரென்று திருந்திவிட்டது போலத் தெரியும்! அதனால் ஒவ்வொரு நாளும் சிலிண்டர் வாயுவை விட்டுச் சரிபார்க்க வேண்டும். முதலில் கந்தகமே இல்லாத வாயு, கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் அளவு தெரிந்த வாயு. சிலிண்டரின் சான்றிதழில் என்ன எண்ணோ, அதே எண் திரையில் வர வேண்டும். நடுவில் வடிகட்டியைச் சாம்பல் அடைத்துக்கொண்டால் அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். மழையில் அந்த மேடைக்கு ஏறி இதைச் செய்வது சுகமான வேலை இல்லை.

அமெரிக்கச் சட்டம் செய்த கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ஒவ்வொரு நிலையமும் மணிக்கு மணி அளந்து அனுப்ப வேண்டும் என்றது. அதோடு, கருவி கெட்டுப்போன மணிகளுக்கு என்ன எழுதுவது என்பதையும் விதியாக்கியது. கருவி எப்போதாவது சிறிது நேரம் நின்றால் முன்பின் மணிகளின் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி நின்றால், இதுவரை பதிவான உயர்ந்த அளவுகளைத்தான் போட வேண்டும். நிற்க நிற்க எண் ஏறும். ஒவ்வொரு டன்னுக்கும் சந்தையில் விலை உண்டு அல்லவா, அதனால் கருவி படுத்துவிட்டால் நட்டம் கம்பெனிக்கு. எங்கள் நிலையத்தில் ஒரு வடிகட்டி கேட்டு நான் மெமோ எழுதினால், 'அடுத்த ஷட்டவுனில் பார்க்கலாம்' என்று திரும்பி வரும். இப்படி ஒரு விதி இங்கேயும் இருந்திருந்தால் அதே மேனேஜர் தன் காடியில் போய் வாங்கி வந்து கொடுத்திருப்பார்.

கூட்டங்களில் எல்லோரும் சந்தை, ஏலம், விலை என்று பேசுவார்கள். என்னைக் கேட்டால் இந்தத் திட்டம் நின்றது இரண்டு கால்களில்: மேலே ஒரு மொத்த எண், கீழே புகைபோக்கியில் ஒரு நேர்மையான கருவி. சந்தையை எடுத்துவிட்டாலும் அந்த இரண்டும் வேலை செய்யும், செலவு கூடும் அவ்வளவுதான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் சந்தை வெறும் சூதாட்டம்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி தெரியும். எங்கள் பக்கத்து நிலையம் காசு கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டே போனால், நாடு முழுக்கக் காற்று நன்றாக இருந்து எங்கள் பிள்ளைக்கு என்ன பயன்?
– ஒரு தாய், காப்பார்

அம்மா, இந்தத் திட்டத்தின் உண்மையான ஓட்டை இதுதான். மொத்தம் குறையும், எங்கே குறையும் என்று சந்தை சொல்லாது.

அமெரிக்காவில் இரண்டு காரணங்களால் தப்பித்தார்கள். ஒன்று, பழைய உள்ளூர் காற்றுத்தர விதிகளை எடுக்கவில்லை. கையில் எத்தனை அனுமதி இருந்தாலும் சுற்றுப்புறக் காற்று விதியை மீற முடியாது. இரண்டாவது, மிக அதிகமாகப் புகைத்த பெரிய நிலையங்களில்தான் மலிவாகக் குறைக்க முடிந்தது, அதனால் அங்கேதான் அதிகம் குறைந்தது. கந்தக டை ஆக்சைடு காற்றில் நுண்துகளாக மாறித் தொலைதூரம் பரவுவது என்பதால், மொத்தம் குறைந்தது பல மாநிலங்களுக்கு நன்மை. ஏரிகளைக் காப்பாற்றத் தொடங்கிய சட்டம். பின்னால் கணக்குப் பார்த்தபோது, பெரிய லாபம் அந்த நுண்துகள் குறைந்ததால் மனிதர்களின் நெஞ்சுக்கும் இதயத்துக்கும் கிடைத்தது என்று தெரிந்தது.

ஆனால் எல்லா நஞ்சுக்கும் இது ஆகாது. 2005-இல் மின் நிலையப் பாதரசத்துக்கும் இதே முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பாதரசம் பக்கத்துக் குளத்தில் இறங்கி, மீனில் சேர்ந்து, அந்த மீனைத் தின்பவர் உடம்பில் ஏறும். மாநிலங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட்டன, 2008 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கிப்போட்டது. ஆகவே காப்பாருக்கு அருகில் இப்படி ஒன்று வருகிறது என்று யாராவது சொன்னால், உள்ளூர் வரம்பு தனியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் எதிர்த்து நில்லுங்கள்.

அனுமதியின் விலை எப்படி இருந்தது? வாங்கி வைத்தவர்கள் பணக்காரர் ஆனார்களா?
– பொருளாதார மாணவர், பினாங்கு

சிலர் ஆகியிருப்பார்கள், சிலர் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். சட்டம் வருவதற்கு முன் கம்பெனிகள் டன்னுக்கு 1,500 டாலர்வரை ஆகும் என்று அழுதன. 1990-களின் நடுவில் விலை 100 டாலருக்கும் கீழே போனது. ஏன்? வயோமிங் மாநிலத்தில் கந்தகம் குறைந்த நிலக்கரி மலைமலையாக இருந்தது. 1980-இல் ரயில் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்தபிறகு அதை ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவருவது மலிவாகிவிட்டது. இந்த வெற்றியில் ஒரு பங்கு ரயிலுக்குச் சேர வேண்டும். சந்தையின் புகழ் பாடுபவர்கள் இதை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். அனுமதியைச் செலவழிக்காமல் அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவைக்கலாம் என்பதும் ஆரம்பத்திலேயே நிறையக் குறைக்கத் தூண்டியது.

2005-இல் கந்தகத்துக்கு இன்னும் கடுமையான விதி வருகிறது என்றதும் விலை எகிறி, வருடக் கடைசியில் 1,600 டாலர் பக்கம் போனது. 2008-இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது, விலை சரிந்தது. அதற்குப் பதிலாக 2011-இல் வந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் தனி வரம்பு வைத்தது, பழைய அனுமதிக்கு அங்கே மதிப்பில்லை. 2012 ஏலத்தில் ஒரு டன் ஒரு டாலருக்கும் கீழே! ஐரோப்பாவில் 2005-இல் தொடங்கிய கரியமில வாயுச் சந்தையிலும் இப்படி ஒன்று நடந்தது: முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் அனுமதி கொடுத்துவிட்டார்கள், 2007-இல் விலை ஏறக்குறைய பூஜ்யம். கூரையை உயரத்தில் போட்டால் யாரும் குனிய மாட்டார்கள்.

நம் நாட்டில் ஏன் இது இல்லை?
– வாசகர், ஸ்தாப்பாக்

நம்மிடம் இருப்பது வேறு வகை விதி. 2014-இன் தூய காற்று ஒழுங்குமுறைப்படி, நிலக்கரி மின் நிலையம் விடும் ஒரு கன மீட்டர் புகையில் கந்தக டை ஆக்சைடு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பழைய நிலையங்களுக்கு 2019 வரை அவகாசம் கொடுத்தார்கள். தொடர்ந்து அளக்கும் கருவியும் வேண்டும், அதன் எண்கள் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு நேரடியாகப் போக வேண்டும். நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. நாம் எரிக்கும் நிலக்கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, அதில் கந்தகம் குறைவு. கடலோர நிலையங்கள் சிலவற்றில் கடல்நீரைக் கொண்டே புகையைக் கழுவுகிறார்கள்.

குறை எங்கே என்றால், இந்த விதி ஒரு கன மீட்டரைப் பார்க்கிறது. எத்தனை கன மீட்டர் என்று கேட்பதில்லை. இன்னொரு யூனிட் கட்டினால், அதுவும் 500-க்குள் இருந்தால், சட்டப்படி எல்லாம் சுபம். காற்றில் போகும் டன் மட்டும் கூடிவிட்டது. சீனா 2021 ஜூலையில் மின் நிலையங்களுக்கு நாடு தழுவிய கரியமில வாயுச் சந்தை தொடங்கியபோதும் இதே வழிதான்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு என்று வைத்தார்கள், மொத்தத்துக்குக் கூரை போடவில்லை. இந்தோனேசியாவும் 2023-இல் தன் நிலக்கரி நிலையங்களுக்கு ஒன்று ஆரம்பித்தது.

புர்சா மலேசியா பங்குச் சந்தையில் 2022 டிசம்பரிலிருந்து கார்பன் சந்தை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது விருப்பம் உள்ள கம்பெனி, மரம் காத்தவரிடம் வாங்கிக்கொள்ளும் சான்று. வாங்காவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். 2025 பட்ஜெட்டில் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கார்பன் வரி வரும், 2026-இல் தொடங்கும் என்று அறிவித்தார்கள். வரி புகையின் விலையை நிர்ணயிக்கும், அளவைச் சந்தையிடம் விட்டுவிடும். உச்சவரம்பு அளவை நிர்ணயிக்கும், விலையைச் சந்தையிடம் விட்டுவிடும். நுரையீரலுக்கு விலை தெரியாது என்பதால் நான் இரண்டாவது கட்சி. நம் தீபகற்பத்தில் நிலக்கரி நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இவ்வளவு சின்ன சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டே விலை பேசிவிடலாம். ஆகவே சந்தையைவிட மொத்த வரம்பை முதலில் கேட்கலாம். கருவிகள் ஏற்கெனவே புகைபோக்கியில் இருக்கின்றன.

புகைமூட்டத்துக்கு இந்த முறை உதவுமா?
– இல்லத்தரசி, ஜெலுத்தோங்

உதவாது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அது சுமத்ராவில் கரிமண் நிலம் எரிந்த புகை. அங்கே புகைபோக்கி இல்லை, கருவி பொருத்த இடமில்லை, எந்தக் கணக்கிலிருந்து டன்னைக் கழிப்பது?

இந்தியாவில் இதெல்லாம் நடக்குமா? அங்கே லஞ்சம் கொடுத்தால் கருவியே மயங்கிவிடும் என்று என் மைத்துனர் சொல்கிறார்.
– வாசகர், பிறை

உங்கள் மைத்துனர் சூரத் பக்கம் போயிருக்க மாட்டார். குஜராத்தில் சூரத்தைச் சுற்றித் துணி ஆலைகள், சாயப்பட்டறைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நிலக்கரி பாய்லர். 2019-இல் அங்கே 300-க்கும் மேற்பட்ட ஆலைகளில் கருவி பொருத்தி, புகையில் வரும் துகளுக்கு மொத்த வரம்பு வைத்து, அனுமதிச் சந்தை தொடங்கினார்கள். இந்தியாவில் இப்படி ஒரு சந்தை அதுதான் முதல். எந்த ஆலை சந்தைக்குள், எது பழைய விதியில் என்று குலுக்கல் முறையில் பிரித்ததால் ஒப்பிட முடிந்தது. சந்தைக்குள் வந்த ஆலைகளில் துகள் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. இன்னொன்று: அபராதத்துக்கான பணத்தை ஆலைகள் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கணக்கில் குறைந்தால் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. 2011-இல் இந்த யோசனையை மத்திய அரசு அறிவித்தபோது பட்டியலில் இருந்த மாநிலங்கள் மூன்று: குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு. முதலில் செய்து காட்டியது குஜராத்.

கரண்டு பில் ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.
– வாசகர், செந்தூல் (பக்கத்துத் தெருவாக இருக்குமோ?)

கொஞ்சம் ஏறும். புகையைக் கழுவச் செலவு உண்டு, அதை யாராவது கட்டத்தான் வேண்டும். உங்கள் பில்லில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கு என்று 1.6 சதவீதம் ஒரு வரி இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு அது கிடையாது. நிலக்கரி விலை ஏறி இறங்கும்போது பில்லில் வரும் மாற்றத்தோடு ஒப்பிட்டால், கந்தகத்தைக் கழுவும் செலவு சின்னது.

ஒரு டன் அனுமதியை நான் வாங்கி ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டலாமா?
– கல்லூரி மாணவி, பிரிக்பீல்ட்ஸ்

விளையாட்டாகக் கேட்டீர்களோ என்னவோ, உண்மையிலேயே செய்தார்கள். அந்த ஏலத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சுற்றுச்சூழல் அமைப்புகள் காசு சேர்த்து அனுமதி வாங்கி, பயன்படுத்தாமல் முடக்கினார்கள். அந்த டன்னை அதற்குப் பிறகு எந்த மின் நிலையமும் விட முடியாது. கூரை உண்மையான கூரையாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. நம்முடைய 500 மில்லிகிராம் விதியில் நீங்கள் எவ்வளவு காசு கொடுத்தாலும் ஒரு டன்னைக் குறைக்க முடியாது தங்கச்சி, வாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.